புதுக்கவிதைச் சிற்றிதழ்கள்

அசை, சீர், தளைக் கணக்கை விட்டு எழுதப்பட்ட தமிழ்க் கவிதையை வெளியிடவும் விவாதிக்கவும், குறைந்த படிகளில், பெரும்பாலும் நடத்துவோரின் கைக்காசில் வெளிவந்த இதழ்கள். இவற்றுள் தலையாயது 1959-இல் சென்னையில் தொடங்கிய 'எழுத்து'. 'நடை', 'கசடதபற', 'வானம்பாடி', 'ழ', 'மீட்சி', யாழ்ப்பாணத்து 'அலை' முதலியவை அதைத் தொடர்ந்து வந்தவை. புதுக்கவிதையின் வரலாற்றைக் கவிஞர், தொகுதி, ஆண்டு என்று வரிசைப்படுத்துவதே வழக்கம். ஆனால் ஒரு கவிதை எந்த இதழில் வந்தது, யார் கைக்குப் போகும் என்று நம்பி அச்சிடப்பட்டது என்று பார்த்தால்தான் அதன் நடை ஏன் அப்படி அமைந்தது என்பது விளங்கும்.

முன்வரலாறு

பழைய வழக்கில் செய்யுள் நூல் அவையில் அரங்கேறிய பிறகே புலவருக்கு மதிப்பு. பிறர் எழுதிக் கொடுக்கும் சிறப்புப் பாயிரம் நூலுக்குச் சாட்சி. இன்றைய தொகுதிகளின் முன்பக்கங்களில் வரிசையாக நிற்கும் அணிந்துரை, வாழ்த்துரை, மதிப்புரைகள் எல்லாம் அந்தப் பாயிரத்தின் வாரிசுகளே; சில தொகுதிகளில் கவிதைகளைவிட அவை நீளம். 19-ஆம் நூற்றாண்டில் அச்சு பரவியபோது நூல் வெளியாகும் முன்பே கையொப்பம் சேர்த்துப் பணம் திரட்டும் முறை வந்தது. கவிதையை ஆதரித்தவர்கள் ஆதீனங்களும் ஜமீன்களும் நகரத்துச் செல்வந்தர்களும்.

இந்த வட்டத்தைத் தாண்ட நினைத்தவர் பாரதி (1882–1921). 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் பாரதியின் மூன்று பாடல்களை 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். அரசியலில் எதிரணியில் இருந்த மிதவாதி செய்த உதவி இது. 1920-இல் பாரதி தன் எழுத்துகளை நாற்பது நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் படி அச்சிடத் திட்டமிட்டு, நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலப் புத்தகமும் வீடுதோறும் விற்கும் என்பது அவர் கணக்கு. பணம் வரவில்லை, அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். 'காட்சிகள்' என்ற தலைப்பில் அவர் எழுதி வைத்த வசன கவிதைதான் பின்னால் வந்த யாப்பற்ற கவிதைக்கு முன்னோடியாகக் கொள்ளப்படுகிறது.

1933-இல் தொடங்கிய 'மணிக்கொடி'யில் 1934-இல் ந. பிச்சமூர்த்தியின் (1900–1976) 'காதல்' வெளியாயிற்று. தமிழின் முதல் புதுக்கவிதை என இதையே பெரும்பாலோர் குறிப்பர். கும்பகோணத்தில் பிறந்து, வழக்கறிஞராக இருந்து, பின்னர்க் கோயில் நிர்வாக அதிகாரியாகப் பணிபுரிந்த பிச்சமூர்த்தி ஏற்கெனவே பெயர் பெற்ற சிறுகதையாசிரியர். அவரும் கு.ப. ராஜகோபாலனும் எழுதிய வசன கவிதைகளை 1940-களில் திருச்சியின் 'கலாமோகினி', துறையூரின் 'கிராம ஊழியன்' ஆகியவை வெளியிட்டன. கண்டனங்களும் உடனே கிளம்பின. பின்னர் முயற்சி ஓய்ந்து, ஏறத்தாழப் பத்தாண்டுகள் பிச்சமூர்த்தியே கவிதை எழுதுவதை நிறுத்திவிட்டார்.

'எழுத்து'

மணிக்கொடிக் காலத்துச் சிறுகதையாசிரியரான சி.சு. செல்லப்பா (1912–1998) திருவல்லிக்கேணியில் தன் வீட்டையே அலுவலகமாகக் கொண்டு 1959 ஜனவரியில் 'எழுத்து' மாத இதழைத் தொடங்கினார். 2,000 படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை, சந்தாதாரர்களை மட்டுமே நம்பி நடத்துவது என்பது அவர் முன்கூட்டி அறிவித்த கொள்கை. அந்த உச்ச வரம்பை இதழ் ஒருநாளும் நெருங்கவில்லை என்பது வேறு விஷயம். விமர்சனத்துக்கென்று தொடங்கப்பட்ட இதழ் அது. கவிதைக் களமானது எதிர்பாராத விளைவு. முதல் இதழில் பிச்சமூர்த்தியின் பழைய கவிதையான 'பெட்டிக்கடை நாரணன்' மறுபிரசுரமாயிற்று. 'மயன்' என்ற பெயரில் க.நா. சுப்ரமண்யமும் எழுதினார். அதைப் படித்த இளைஞர்கள், இப்படியும் எழுதலாமா என்ற துணிச்சலில் தங்கள் கவிதைகளைத் தபாலில் அனுப்பத் தொடங்கினர்.

நாகர்கோவிலிலிருந்து 'பசுவய்யா' என்ற பெயரில் சுந்தர ராமசாமி எழுதினார். திருவனந்தபுரத்திலிருந்து, ஆங்கிலம் கற்பித்துவந்த நகுலன். இலங்கையின் திருகோணமலையிலிருந்து, இருபது வயதை ஒட்டியிருந்த தருமு சிவராமு, பின்னாளைய பிரமிள் (1939–1997). சி. மணி, எஸ். வைதீஸ்வரன் ஆகியோரும் இங்கேதான் கவிஞர்களாக அறியப்பட்டனர். ஊர் வேறு, வேலை வேறு, ஒருவரை ஒருவர் பார்த்தது கிடையாது. இதழே அவர்களுக்குச் சந்திக்கும் இடம். ஒரு மாதம் கவிதை, மறுமாதம் அதைப் பற்றிய கடிதம், அதற்கடுத்த மாதம் கடிதத்துக்கு மறுப்பு என்று அது நடந்தது. வாசகரே அடுத்த இதழின் எழுத்தாளர் ஆனார். இறுக்கம், படிமச் செறிவு, விளக்கம் சொல்ல மறுக்கும் பிடிவாதம் என்று எழுத்துக் கவிதைக்குச் சொல்லப்படும் குணங்கள் இந்த ஏற்பாட்டில் விளைந்தவை. தன்னைப் போலவே இரண்டு முறை, மூன்று முறை படிக்கக்கூடிய சில நூறு பேருக்காக எழுதுபவன் எதையும் அவிழ்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

1962 இந்த வரலாற்றில் முக்கியமான ஆண்டு. சி. மணியின் நெடுங்கவிதையான 'நரகம்' வெளிவந்தது. பிச்சமூர்த்தியின் 'காட்டு வாத்து' தொகுதி 'எழுத்து பிரசுரம்' வாயிலாக வந்தது. 24 கவிஞர்களின் 63 கவிதைகளைக் கொண்ட 'புதுக்குரல்கள்' என்ற தொகுப்பையும் செல்லப்பா கொண்டுவந்தார். யாப்பில்லாதது கவிதையே அல்ல என்று தமிழாசிரியர்கள் சினந்துகொண்டிருந்த காலம் அது. அதே 'புதுக்குரல்கள்' 1970-களில் பல்கலைக்கழகப் பாடநூலும் ஆயிற்று. எதிர்ப்பு மரபுப் பக்கமிருந்து மட்டும் வரவில்லை. நா. வானமாமலை, க. கைலாசபதி முதலிய மார்க்சிய விமர்சகர்கள் இக்கவிதைகளில் நம்பிக்கை வறட்சியையும் மேலைச் சாயலையும் கண்டு கண்டித்தனர்.

அச்சிட்ட புத்தகங்களை விற்கச் செல்லப்பா கண்டுபிடித்த வழி எளியது, கடுமையானது. மூட்டையாகக் கட்டிச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய், கல்லூரிகளின் படியேறி, ஆசிரியர்களையும் மாணவர்களையும் பார்த்து விற்றார். மனைவியின் நகைகளும் இதழுக்குள் போயின. 1970 வரை, கடைசிக் காலத்தில் காலாண்டிதழாக மாறியும், மொத்தம் 119 இதழ்கள் வந்தன.

அச்சுக்கூடத்தின் பங்கையும் இங்கே சொல்ல வேண்டும். ஈய எழுத்தைக் கையால் பொறுக்கிக் கோத்த காலத்தில் பக்கத்தின் வெற்றிடம் சும்மா கிடைத்துவிடுவதில்லை. அடி எங்கே முடிகிறதோ அங்கிருந்து பக்க ஓரம் வரை எழுத்தில்லாத ஈயத்துண்டுகளை இட்டு நிரப்பினால்தான் சட்டம் இறுகி நிற்கும். இரண்டு சொல்லில் முடியும் அடிக்கும் முழு அடியின் அளவுக்கு ஈயம் வேண்டும். படிக்கட்டுப்போல இறங்கும் அடிகளை அச்சுக்கோப்பவர் தவறு என்று நினைத்து நேராக்கிவிடுவதும் உண்டு. ஒரு சொல்லை உள்தள்ளி வைப்பதற்காகக் கவிஞர் அச்சகத்தில் போய் நின்றது அந்த நாளில் புதுமையல்ல.

பிரிந்த வழிகள்

சி. மணி சேலத்திலிருந்து 1968 முதல் 1970 வரை நடத்திய 'நடை' எட்டு இதழ்களோடு நின்றது. ஞானக்கூத்தனின் (1938–2016) தொடக்கக் கவிதைகளும் ந. முத்துசாமியின் 'காலம் காலமாக' நாடகமும் அதில் வந்தன. யாப்பை விட்டவர்களுக்கு யாப்புத் தெரியாது என்று ஏசியவர்கள் கவனிக்காத ஒன்று: 'யாப்பும் கவிதையும்' என்ற நூலை எழுதியவர் இதே சி. மணி.

1970 அக்டோபரில் சென்னையில் 'கசடதபற' தொடங்கியது. 'வல்லின மாத ஏடு' என்பது அது தனக்குச் சூட்டிக்கொண்ட அடைமொழி. நா. கிருஷ்ணமூர்த்தி, சா. கந்தசாமி, ந. முத்துசாமி, ஞானக்கூத்தன் முதலியோர் கூடி நடத்தியது. ஓவியர்களோடு கவிஞர்களுக்கு நெருக்கம் ஏற்பட்டதும் இங்கேதான். ஞானக்கூத்தனின் 'அன்று வேறு கிழமை' (1973) கே.எம். ஆதிமூலத்தின் கோட்டோவியங்களோடு வந்தது. தமிழ்க் கவிதைப் புத்தகம் கண்ணுக்கும் அழகாக இருக்கலாம் என்று அது காட்டியது. எழுத்துக் கவிஞர்களிடம் அரிதாக இருந்த நகைப்பை ஞானக்கூத்தன் கொண்டுவந்தார். அதற்குப் பழைய சந்தங்களையே அவர் பயன்படுத்தியதால் குத்தல் இன்னும் ஆழமாக இறங்கியது.

'கசடதபற' தொடங்கிய அடுத்த ஆண்டு கோவையிலிருந்து பறந்த 'வானம்பாடி' இதற்கு நேர் எதிர்த்திசை. தன்னை 'விலையிலாக் கவிமடல்' என்று அழைத்துக்கொண்டு இலவசமாகவே அது பரவியது. புவியரசு, சிற்பி, ஞானி, முல்லை ஆதவன், அக்கினிபுத்திரன், சக்திக்கனல், கங்கைகொண்டான் முதலியோர் அதன் முகங்கள். பலர் தமிழாசிரியர்கள், இடதுசாரிச் சார்புடையவர்கள். 'வெளிச்சங்கள்' (1973) அவர்கள் தொகுப்பு. கல்லூரி விடுதிகளிலும் கவியரங்க மேடைகளிலும் புதுக்கவிதை ஒலிக்கத் தொடங்கியது இவர்களால்தான். மு. மேத்தாவின் 'கண்ணீர்ப் பூக்கள்' (1974) பல பதிப்புகள் கண்டது. அதுவரை எந்தப் புதுக்கவிதை நூலுக்கும் வாய்க்காத வாசகர் கூட்டம் அதற்குக் கிடைத்தது. வானம்பாடிகளின் கவிதை வெறும் மேடை முழக்கம் என்பது எழுத்து மரபினரின் தீர்ப்பு. பாதி சரி. காதால் கேட்டு ஒரே தடவையில் கைதட்டப்பட வேண்டிய கவிதையும், தனியாக உட்கார்ந்து கண்ணால் படிக்க வேண்டிய கவிதையும் ஒரே அளவுகோலுக்கு அடங்கா என்பதை அந்தத் தீர்ப்பு கணக்கில் கொள்ளவில்லை. மேடைக்காக எழுதியவர்கள் அச்சிலும் அதே குரலில் பேசியதுதான் குறை.

இந்த நடை சினிமாப் பாட்டு, வார இதழ் ஓரத்துக் கவிதை, வாழ்த்து அட்டை என்று பரவியது தனிக்கதை.

'ழ'வும் பின்னும்

1978-இல் ஆத்மாநாம் (1951–1984) தொடங்கிய 'ழ', கவிதைக்கென்றே நடந்த இதழ். ஆத்மாநாம் உயிரோடு இருந்தபோது வெளிவந்த ஒரே தொகுதி 'காகிதத்தில் ஒரு கோடு' (1981). அவருடைய எல்லாக் கவிதைகளும் பிரம்மராஜன் பதிப்பில் முழுமையாகக் கிடைக்க 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரம்மராஜன் நடத்திய 'மீட்சி' உலகக் கவிதையின் மொழிபெயர்ப்புகளுக்கு மிகுந்த இடம் தந்தது. இவ்வகை இதழ்கள் பலவற்றில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்ற குறிப்பு காணப்படும். முறைப்படி பதிவு செய்யாத இதழ் என்பதற்கான அடையாளம் அது. பதிவு இல்லையென்றால் பத்திரிகைகளுக்குரிய அஞ்சல் சலுகையும் இல்லை. அச்சுக்கூலிக்கு அடுத்தபடி தபால் செலவே இவற்றின் கழுத்தை நெரித்தது.

நூல் வெளியீட்டில் சிவகங்கையிலிருந்து கவிஞர் மீரா (1938–2002) நடத்திய 'அன்னம்' பதிப்பகத்தின் இடம் தனி. 1980-களில் 'நவகவிதை' என்ற வரிசையில், அதிகம் அறியப்படாதிருந்த இளம் கவிஞர்களின் தொகுதிகளை அடுத்தடுத்து அவர் வெளியிட்டார். வானம்பாடிச் சாயல் கொண்ட கவிஞராகிய மீரா தன் நடைக்கு நேர் மாறானவர்களையும் தேடிப் பிடித்து அச்சேற்றினார். தமிழ்ப் பதிப்புலகில் இந்தப் பெருந்தன்மை அடிக்கடி நிகழ்ந்ததில்லை.

இலங்கையில் நிலைமையே வேறு. மஹாகவி (1927–1971) போன்றோர் யாப்புக்குள்ளேயே பேச்சுமொழியைக் கொண்டுவந்துவிட்டதால், யாப்பா வசனமா என்ற சண்டை அங்கே தமிழ்நாட்டளவுக்குச் சூடேறவில்லை. 1975-இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'அலை' குறிப்பிடத்தக்க கவிதைகளை வெளியிட்டது. எம்.ஏ. நுஃமான், அ. யேசுராசா தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' (1984) சென்னையில் க்ரியா வெளியீடாக வந்து தமிழ்நாட்டு வாசகர்களை அசைத்தது. போர் தீவிரமானபோது வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' (1985), பெண்களின் கவிதைகளைத் திரட்டிய 'சொல்லாத சேதிகள்' (1986) ஆகிய இரண்டும் அரசியல் கவிதை என்றால் முழக்கம் என்ற தமிழ்நாட்டு எண்ணத்தைப் பொய்யாக்கின. 1991-இல் தற்கொலை செய்துகொண்ட சிவரமணி, கைக்கெட்டிய தன் கவிதைகளை எல்லாம் எரித்துவிட்டே போனார். இன்று எஞ்சியிருப்பவை நண்பர்களிடம் இருந்தவையும் ஏற்கெனவே வெளியானவையும்தான்.

1990-களில் கணினி அச்சுக்கோப்பு வந்ததும் ஈயத்தின் தொல்லை தீர்ந்தது. 1988-இல் சுந்தர ராமசாமி தொடங்கிய 'காலச்சுவடு' 1994-இல் மீண்டும் வந்தபின் பதிப்பகமாகவும் வளர்ந்தது. 2003-இல் மனுஷ்ய புத்திரன் 'உயிர்மை'யைத் தொடங்கினார். சிற்றிதழின் கவிஞர்கள் நடுத்தர இதழ்களுக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கும் இடம்பெயர்ந்த காலம் இது. சல்மாவின் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' (2000), குட்டி ரேவதியின் 'முலைகள்' (2002) வெளிவந்ததை ஒட்டி எழுந்த வசைகள், கவிதை இப்போது சில நூறு பேருக்குள் அடங்கிய விவகாரம் இல்லை என்பதற்கு எதிர்மறைச் சான்று.

எனினும் கவிதை நூலின் பொருளாதாரம் பெரிதாக மாறிவிடவில்லை. அச்சுச் செலவின் ஒரு பகுதியைக் கவிஞரே ஏற்பதும், நூலக ஆணையை எதிர்பார்த்திருப்பதும், விற்றதைவிட அன்பளிப்பாகக் கொடுத்தது அதிகமாக இருப்பதும் தொடர்கின்றன.

வரலாற்று நூல்களும் விருதுகளும்

இவ்வரலாற்றை முதலில் விரிவாக எழுதியவர் வல்லிக்கண்ணன். 'தீபம்' இதழில் தொடராக வந்து 1977-இல் நூலான 'புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்' அடுத்த ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கவிஞர்களுக்கு முன்பே கவிதையின் வரலாற்றாசிரியருக்கு விருது கிடைத்தது. அப்துல் ரகுமான் 1999-இலும் சிற்பி 2002-இலும் மு. மேத்தா 2006-இலும் புவியரசு 2009-இலும் அவ்விருதைப் பெற்றனர். பிச்சமூர்த்தி, பிரமிள், சி. மணி, நகுலன், ஞானக்கூத்தன் ஆகியோருக்கு அது கிடைக்கவில்லை. செல்லப்பாவுக்கு 2001-இல், அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 'சுதந்திர தாகம்' என்ற நாவலுக்காக அளிக்கப்பட்டது.