மணியோசை முதல் மனப்பாட வசனம் வரை: தமிழ்ப் பிள்ளைகளின் ஞாயிறு பள்ளி

மாட்டுங்கா லேபர் கேம்ப் சந்துகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிய பிள்ளைகள் சண்டே ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். "ஏலே, வசனம் படிச்சியா?" என்று வாசலில் நின்றபடி ஆச்சி கேட்பாள். "அதெல்லாம் படிச்சாச்சு ஆச்சி" என்று பேரன் ஓடுவான். அவன் கையிலுள்ள தாளை வாங்கிப் பார்த்தால், தமிழ் வசனம் ஆங்கில எழுத்தில் இருக்கும்! ஆச்சிக்கு அந்த எழுத்து தெரியாது. பேரனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வசனம் மட்டும் இருவருக்கும் பொது.

இதை நல்லது என்பதா, கெட்டது என்பதா? பதில் சொல்லுமுன் நம் பிள்ளைகள் சபையில் கற்றுவந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

முத்துக்குளித்துறையில் ஒரு மணி

1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழி தெரிந்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் ஜெபங்களையும் தமிழாக்கி, முதலில் தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை அடித்துக்கொண்டே ஊருக்குள் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் அவரே விவரிக்கிறார்.

அதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது வேறொன்று. கற்ற பாடத்தை வீட்டில் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவர் பிள்ளைகளிடமே விட்டார். நோயாளிகளைப் பார்க்க எல்லா வீட்டுக்கும் தம்மால் போக முடியாதபோது, பிள்ளைகளை அனுப்பி ஜெபிக்கச் செய்தார். படிக்க வந்த பிள்ளையே ஊழியக்காரனாகவும் ஆனான்.

அவர் வழியில் வந்த என்றீக் என்றீக்கஸ் அடிகளார் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலை அச்சிட்டார். இந்திய மொழி ஒன்றில் இந்நாட்டில் அச்சான முதல் நூல் அது; வெறும் 16 பக்கம். மறுவருடம் கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்' வினா விடை நடையில் அமைந்தது. தமிழ் அச்செழுத்து பிறந்ததே ஞானோபதேசம் கற்பிப்பதற்காகத்தான் என்றால் அது மிகையாகாது.

மணலில் எழுதிய பாதிரியார்

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர், ஒரு தமிழ் ஆசிரியரின் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி அகர வரிசை கற்றார். மறுவருடமே ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தமிழ்ப் பள்ளிகள் தொடங்கினார். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் வெளிவந்தது. சவேரியார் வழி மனப்பாடம் என்றால், இவர் வழி வாசிப்பு. வேதத்தைப் பிள்ளை தன் கண்ணால் வாசிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் காலத்தில் இது திருநெல்வேலிக் கிராமங்களுக்கும் விரிந்தது. சபை இருந்த ஊரில் பள்ளியும் எழும்பியது. பல ஊர்களில் உபதேசியாரே வாத்தியாராகவும் இருந்தார். எழுத்து மறுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பள்ளி ஆத்தும வளர்ச்சி மட்டுமல்ல, தலைநிமிர்வையும் தந்தது.

ஆலைப் பிள்ளைகளின் ஞாயிறு

இன்று நாம் சொல்லும் ஞாயிறு பள்ளிக்கு வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1780இல் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகையாசிரியர் அதைத் தொடங்கினார். வாரம் ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஓய்வு ஞாயிறு மட்டுமே. ஆகவே அந்த ஒரு நாளில் அவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்து, கூடவே வேதபாடமும் சொல்லித்தந்தார்கள். இந்திய ஞாயிறு பள்ளிச் சங்கம் 1876இல் அலகாபாத்தில் உருவானது. ஆக, ஞாயிறு பள்ளி பிறந்ததே உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான். லேபர் கேம்ப்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான கதை உண்டா?

நம் சந்துக்கு வருவோம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டுத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்குத் தாராவி வந்தவர்கள், பெட்டி படுக்கையோடு பாமாலையையும் கீர்த்தனைகளையும் கொண்டுவந்தார்கள். பத்துக்குப் பத்து அறையில் வாழ்ந்தாலும் ஊரில் இருந்த அசனத்தையும் அறுப்பின் பண்டிகையையும் விடவில்லை. பிள்ளைகளின் ஞாயிறு வகுப்பையும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுதிப் பழகிய அந்தத் தலைமுறைக்கு வேதம் வாசிப்பது சிரமமாக இல்லை. இன்று பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது ஆங்கிலத்தில். தெருவில் பேசுவது இந்தியும் மராட்டியும். பிழைப்புக்கு அது வேண்டியதுதான். குறை சொல்ல முடியாது.

ஆனால் ஆங்கில எழுத்தில் தமிழ் வசனத்தை ஒப்பிக்கும் பிள்ளை, சவேரியார் காலத்து மனப்பாடத்தில்தான் நிற்கிறது. வாய் சொல்கிறது; அர்த்தம் கேட்டால் முழிக்கிறது. எனவே மனப்பாடம் வேண்டாமா? வேண்டும். சின்ன வயதில் பதிந்த வசனம் துன்பம் வரும்போது தானாக நாவில் வரும் என்பதை நம் ஆச்சிகளிடமே காண்கிறோம். அது முதல் படி, அவ்வளவுதான். வாசிப்பது இரண்டாம் படி. கற்றதைப் பிறருக்குச் செய்வது மூன்றாம் படி. மூன்றும் சேர்ந்தால்தான் பிள்ளை ஆவியில் வளரும். பரிசுக்காக மட்டும் ஒப்பித்த வசனம் பரிசு வாங்கியதோடு மறந்துபோகும்.

வழி பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிறு வகுப்பில் முதல் பத்து நிமிடம் தமிழ் எழுத்துக்கு ஒதுக்கலாம். வசனத்தின் பொருளைப் பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் விளக்கிவிட்டு, தமிழில் வாசிக்க வைக்கலாம். மாதம் ஒருமுறை, படுக்கையில் இருக்கும் பெரியவர் வீட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய் ஒரு சங்கீதம் வாசிக்கச் செய்யலாம். முத்துக்குளித்துறைப் பிள்ளைகள் ஏறக்குறைய 480 வருடங்களுக்கு முன் செய்ததைத் தாராவிப் பிள்ளைகளால் செய்ய முடியாதா என்ன?

அன்றைக்கு ஆச்சி "வசனம் படிச்சியாலே?" என்று கேட்கமாட்டாள். தன் பழைய வேதப்புத்தகத்தை நீட்டி, "கண்ணு மங்கிப்போச்சு, நீ வாசி மக்கா, நான் கேக்கேன்" என்பாள். பிள்ளைகள் கற்பிக்க, பெரியவர்கள் கேட்ட பழைய வழக்கம் நம் லேபர் கேம்பிலும் திரும்பும். அதற்குப் பெற்றோரும் சபையாரும் மனம் வைக்க வேண்டும்.