கெட்டதைக் கழற்றுவதற்கு முன்னால்

பனையோலைக்கு ஆயுள் அதிகம்தான், சாகாவரம் கிடையாது. பக்குவமாகப் பதப்படுத்தி, மஞ்சள் பூசி, இறுகக் கட்டி வைத்த ஏடு சில நூறு ஆண்டு தாங்கும். அதற்குள் ஈரமோ செல்லோ பூச்சியோ எங்கேயாவது ஒரு மூலையில் வேலையைத் தொடங்கிவிடும். நம் முன்னோர் இதற்குக் கண்ட வழி எளியது. ஏடு நைந்துபோவதற்குள் புது ஓலையில் பிரதி எழுதிக்கொண்டார்கள். எழுதியதை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, பழைய ஏட்டைக் குப்பையில் போட மனமில்லாமல் ஆற்றில் விட்டார்கள். அல்லது அக்கினியில் சேர்த்தார்கள்.

இந்த வழக்கத்துக்கு இரண்டு பாதி உண்டு. முதல் பாதி பிரதி எழுதுவது. இரண்டாம் பாதி பழையதைக் கழிப்பது. காலம் போகப்போக, எழுதுகிறவர்கள் குறைந்தார்கள். முதல் பாதி மறந்துபோய், இரண்டாம் பாதி மட்டும் சடங்காக நின்றுவிட்டது.

உ.வே. சாமிநாதையர் சங்க நூல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்த காலத்தில் இதை நேரிலே பார்த்தார். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றோடு விட்டுவிட்டோம் என்று சொன்னவர்கள் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகவே சொன்னார்கள். அவர் மனம் என்ன பாடுபட்டது என்பதை 'என் சரித்திரம்' படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏட்டை அழித்தவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். பழையதை மரியாதையாக அனுப்பிவைக்கிறோம் என்றே நினைத்தார்கள். புதியது எழுதியாகிவிட்டதா என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நம் பக்கத்திலிருந்து கொண்டுவிக்கப் போனவர்கள் வேறொரு விதத்தில் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். ரங்கூனிலும் பினாங்கிலும் சைகோனிலும் கடையில் இருந்த ஏஜெண்டுகள் பேரேடு எழுதுவார்கள். ஐந்தொகை எடுத்து ஊரிலிருக்கும் முதலாளிக்கு அனுப்புவார்கள். கடையில் ஒன்று, ஊரில் ஒன்று. 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்தபோது, லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பி வந்தார்கள். அதில் பெரும்பகுதி கால்நடையாக மலையும் காடும் கடந்து வந்தது. பெட்டகத்தையும் பேரேட்டையும் தலையில் வைத்துக்கொண்டா நடக்க முடியும்? முன்பே ஊருக்கு அனுப்பியிருந்தவர் கையில் அந்தத் தாளாவது இருந்தது.

1980-களில் இதே கவலை கணினிக்காரர்களுக்கும் வந்தது. அந்தக் காலத்தில் பெரிய நிறுவனங்களின் ஹார்டு டிஸ்க் ஒவ்வொன்றும் பீரோ அளவு இருக்கும், விலையும் அப்படியே. அதே சமயத்தில், மேசைமேல் வைக்கும் சிறு கணினிகளுக்காக மலிவான சின்ன டிஸ்க்குகள் வரத் தொடங்கின. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 1988-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விலையுயர்ந்த ஒரு டிஸ்க்குக்குப் பதில், மலிவான பல டிஸ்க்குகளை வரிசையாகக் கட்டி வேலை வாங்கலாம் என்பது அதன் சாரம்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு மாட்டுக்கு நோய் வருவதை விட, நூறு மாட்டில் ஏதாவது ஒன்றுக்கு நோய் வருவது நிச்சயம் அல்லவா? டிஸ்க்கும் அப்படித்தான். எண்ணிக்கை கூடக்கூட, ஏதாவது ஒன்று கெடும் வாய்ப்பும் கூடும். அதனால், ஒன்று போனாலும் மற்றவை ஈடுகொடுக்கும்படி உபரியாக எழுதிவைக்க வேண்டும் என்றார்கள். உபரி எழுதும் யோசனை அதற்கு முன்பும் இருந்ததுதான். இவர்கள் அதை வகை பிரித்து, 'ரெய்டு' என்று பெயரும் வைத்தார்கள். நம் ஊரில் அந்தப் பெயரைக் கேட்டால் வருமான வரிக்காரர் ஞாபகம்தான் வரும்; இது வேறு.

இதில் முக்கியமானவை இரண்டு முறை. ஒன்று, எழுதுவதையெல்லாம் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதுவது. கண்ணாடியில் தெரியும் உருவம் போல ஒன்றுக்கொன்று பிரதி. மற்றது, கூட்டல் கணக்கு. நாலு சிட்டையின் தொகையைக் கூட்டி, ஐந்தாவது சிட்டையில் மொத்தத்தை எழுதிவைக்கிறோம் என்று வையுங்கள். நாலில் ஒன்று தொலைந்தாலும், மொத்தத்திலிருந்து மற்ற மூன்றையும் கழித்தால் தொலைந்தது கிடைத்துவிடும். டிஸ்க்குகள் செய்வதும் ஏறக்குறைய இதே கழித்தல்தான்.

முதலில் இதற்கென்று தனி மின்பலகை வாங்க வேண்டியிருந்தது. பிறகு லினக்ஸ் போன்ற இயங்குதளங்களே, தனிப் பலகை இல்லாமல், மென்பொருளாலேயே இதைச் செய்யத் தொடங்கின. லினக்ஸில் இதை நிர்வகிக்க இன்று எல்லோரும் பயன்படுத்தும் 'எம்டிஆட்ம்' என்ற கருவியை எழுதியவர் நீல் பிரவுன் என்ற ஆஸ்திரேலியர். இலவசமாகக் கிடைப்பதால், பழைய கணினி ஒன்றும் இரண்டு டிஸ்க்கும் இருந்தால் யார் வீட்டிலும் அமைத்துக்கொள்ளலாம்.

அப்படி அமைத்த ஒரு பெட்டி இளையாத்தங்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டிலும் இருக்கிறது. அந்த வீட்டு அண்ணனுக்கு வயது எழுபத்தெட்டு. பர்மாக் கடைப் பேரேடுகளின் பக்கங்கள், இசைகுடிமான ஓலைகள், 1950-களின் கல்யாணப் போட்டோக்கள், மறைந்த ஆச்சி பேரனுக்குப் பாடிய தாலாட்டு ஒன்று, எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பேரேடுகளின் அசல் இப்போது இல்லை. வீடு பங்கு பிரித்தபோது சில பங்காளிகளிடம் போயின. மீதி பழைய பேப்பர்க்காரரிடம் போயிற்று. ஆக, அந்தப் பெட்டியில் இருப்பதுதான் மிச்சம்.

போன வருஷம் ஒருநாள் போன் செய்தார். "தம்பி, ரெண்டுல ஒண்ணு செத்துப்போச்சு போலருக்கு. கழட்டிப்புடவா?"

"அண்ணே, எதையும் தொடாதீங்க. நான் வர்றேன்."

போய்ப் பார்த்தேன். எம்டி நிலவரப் பட்டியலில், நலமாக உள்ள ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஆங்கில 'யு' எழுத்து ஒன்று நிற்கும். இரண்டு 'யு' இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுக்குப் பதில் அடிக்கோடு. ஒரு டிஸ்க் விலகிவிட்டது என்று பொருள். ஆனாலும் படங்கள் திறந்தன, தாலாட்டு கேட்டது. ஒற்றைக் காலில் நின்றபடி வேலை நடந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே நிலைமை வந்தது. கெட்ட டிஸ்க்கை எடுக்கப் போன ஒருவர் நல்லதை உருவிவிட்டார். இருந்ததும் போயிற்று. மூன்று வாரத்துக்கு முந்தைய நகலிலிருந்து, எல்லோரும் இரவு பகலாகத் திரும்பப் பதிந்தார்கள். டிஸ்க் கெட்டதால் அங்கே ஒன்றும் நஷ்டமில்லை. கழற்றியதால் வந்த நஷ்டம் அது.

அதனால் அண்ணன் வீட்டில் முதல் வேலையாக, நலமாயிருந்த டிஸ்க்கிலிருந்து அத்தனையையும் வெளியே ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் பிரதி எடுத்தோம். காரணம் உண்டு. புது டிஸ்க்கைப் போட்டால், மிஞ்சிய டிஸ்க்கை ஆரம்பம் முதல் கடைசி வரை படித்துத்தான் புதியதில் எழுத முடியும். இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே வயது. அந்த ஓட்டத்தில் இரண்டாவதும் படுத்துவிட்டால் கதை முடிந்தது.

அடுத்து எது கெட்டது என்பதை உறுதிசெய்வது. கணினி டிஸ்க்குகளுக்கு 'ஏ', 'பி' என்று எழுத்து வைத்து அழைக்கும். அந்த எழுத்து, அணைத்துப் போட்டால் மாறக்கூடும். அதை நம்பிக் கை வைக்கக் கூடாது. டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண் மாறாது. நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைப்பார்களே, விசேஷ வீட்டுக்குப் போன அண்டா திரும்பி வர அதுதானே சாட்சி! அதே போலத்தான். திரையில் தெரிந்த எண்ணையும் டிஸ்க் மேல் இருந்த எண்ணையும் நான் படிக்க, அண்ணன் பூதக்கண்ணாடி வைத்து ஒத்துப் பார்த்தார்.

பிறகு எம்டிஆட்மிடம் அந்த டிஸ்க்கை 'ரிமூவ்' செய்யச் சொன்னோம். மறுத்துவிட்டது. 'டிவைஸ் பிஸி' என்றது. "செத்த டிஸ்க்குக்கு என்ன பிஸி?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான்.

விடை இது. ஒரே டிஸ்க் மூன்று பகுதியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இயங்குதளம் ஒரு பகுதியில், தற்காலிக நினைவகம் இன்னொன்றில், படங்கள் மூன்றாவதில். ஒவ்வொரு பகுதியும் ஒரு தனி அணியில் உறுப்பினர். பிழை கண்ட பகுதியை மட்டும் கணினி 'ஃபெயில்' என்று தள்ளிவைத்திருந்தது. மற்ற இரண்டும் இன்னும் பணியில் இருப்பதாகவே பதிவு. பணியில் உள்ளவரை நேராக நீக்க எம்டிஆட்ம் சம்மதிக்காது. முதலில் 'ஃபெயில்' என்று குறிக்க வேண்டும்; அதன் பிறகே 'ரிமூவ்'. மூன்று அணியிலும் வரிசையாக அப்படிச் செய்ததும் மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டது.

வேறு இரண்டு காரணங்களாலும் இந்த முரண்டு வரும். டிஸ்க் முழுக்கச் செத்து, அதன் பெயரே கணினியிலிருந்து மறைந்திருந்தால், பெயர் சொல்லி நீக்க முடியாது. அதற்கு 'டிடாச்டு' என்ற சொல் இருக்கிறது. தொடர்பற்றுப் போனவற்றையெல்லாம் நீக்கு என்று அதற்குப் பொருள். இன்னொன்று, அணியில் மிஞ்சிய ஒரே நல்ல டிஸ்க்கை நாம் தெரியாமல் தள்ளப் பார்த்தாலும் கணினி விடாது. ஆகவே மறுப்பு வந்தால், வலுக்கட்டாய வழி தேடாமல், எதைத் தள்ளச் சொன்னோம் என்று ஒருமுறை திரும்பப் பார்ப்பது நல்லது.

பெட்டியை அணைத்து, எண் பார்த்து, கெட்டதை எடுத்துப் புதியதைப் பொருத்தினோம். பழையதில் இருந்தபடியே மூன்றாகப் பிரித்து, 'ஆட்' கட்டளையால் சேர்த்தோம். இரண்டு டெராபைட் நிரம்ப நாலைந்து மணி நேரம். கணினி தொடங்குவதற்கான சிறு நிரலையும் புது டிஸ்க்கில் பதித்தோம். அதை விட்டுவிட்டால், நாளை மற்றது கெடும்போது பெட்டி எழுந்திருக்காது. சாயங்காலம் இரண்டு 'யு'வும் திரும்ப நின்றன. அண்ணன் காபி கொண்டுவரச் சொன்னார்.

இவ்வளவு இருந்தும் இந்த இரட்டை டிஸ்க்கு முழுப் பாதுகாப்பு ஆகாது. ஒரு படத்தைத் தெரியாமல் அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே கூரையின் கீழ். 1981 ஜூன் முதல் தேதி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அதில் இருந்தன. நெருப்புக்கு அடுத்த அலமாரியில் உள்ள நகல் பதில் சொல்லாது.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு நல்ல உதாரணமும் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். வாழ்நாள் முழுக்கப் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று சேர்த்தார். வீட்டில் செல்லோடும் பூச்சியோடும் போராடிக் காத்தார். அவர் 1992-ல் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, நாட்டுக்கு வெளியே கொண்டுபோகாமல், 1994-ல் சென்னையிலேயே நூலகமாக அமைக்க வழிசெய்தது. நூல்களை மைக்ரோஃபிலிமில் பதிந்தார்கள். பிரதி எடுத்தார்கள், அசலையும் கழிக்கவில்லை. சாமிநாதையர் தேடிய முதல் பாதி அங்கே திரும்பவும் நடந்தது.

அண்ணனிடம் அந்த யுஎஸ்பி டிஸ்க்கை அழிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அது இப்போது சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு முறை மகள் வரும்போதும் புதுப்பித்துக்கொள்கிறார்கள். கெட்டுப்போன டிஸ்க்கையும் உடனே தூக்கிப் போட வேண்டாம், ஒரு மாதம் மேஜை டிராயரில் கிடக்கட்டும் என்று சொன்னேன்.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இப்படி ஒரு பெட்டி அமைத்துக் கொடுத்திருந்தால், அது நன்றாக ஓடும்போதே ஒரு காரியம் செய்துவையுங்கள். இரண்டு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும், வாங்கிய தேதியையும், எது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் ஒரு தாளில் தமிழிலேயே எழுதி, பெட்டியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். கெட்ட பிறகு தேடினால் கை நடுங்கும்.