வலிப்பு மருந்தும் விடுபடும் வேளைகளும்

காக்காய் வலிப்பு என்று நம் ஊர்களில் வழங்கும் நோய்க்கு மருந்தே இல்லை என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இன்னும் நிலவுகிறது. உண்மை வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. முறையாகக் கண்டறிந்து மருந்து அளித்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும். இந்தியாவில் மட்டும் இந்நோய் உள்ளோர் எண்ணிக்கை ஒரு கோடிக்குக் குறையாது என மதிப்பிடப்படுகிறது. ஆனால், வருவாய் குறைந்த நாடுகளில் நோயுற்றோரில் முக்கால்வாசிப் பேருக்குத் தேவையான சிகிச்சை கிடைப்பதில்லை. மருத்துவ உலகம் இதனைச் 'சிகிச்சை இடைவெளி' என்கிறது.

மருந்து கிடைக்காமல் போவது இந்த இடைவெளியின் ஒரு பாதி. கிடைத்த மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படாமல் போவது மறுபாதி. நான் மருத்துவன் அல்லன், பொருளியல் கற்பித்தவன். ஆயினும், என் தம்பிக்காக முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செக்காலைச் சாலையின் மருந்துக் கடைகளில் இம்மாத்திரைகளை வாங்கி வருபவன் என்ற முறையில், அந்த மறுபாதியைப் பற்றிச் சொல்ல எனக்குச் சில உண்டு.

இம்மருந்துகளின் வரலாறு நீண்டது. 1857-இல் லண்டனில் சார்லஸ் லோகாக் என்ற மருத்துவர் புரோமைடு உப்பு வலிப்பைத் தணிப்பதைத் தெரிவித்தார். 1912-இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் ஹவுப்ட்மன் ஃபீனோபார்பிட்டோனின் பயனைக் கண்டார். 1938-இல் அமெரிக்காவின் மெரிட்டும் புட்னமும் ஃபெனிட்டாயினை அறிமுகப்படுத்தினர். பின்னர் கார்பமாசெபைன், வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின், லெவிடிராசெட்டாம் என்று வரிசை நீண்டது. பழையவை மலிவானவை; மலிவு என்பதாலேயே மதிப்பற்றவை அல்ல. கர்நாடகத்தின் எளந்தூர் வட்டத்தில் டாக்டர் கே.எஸ். மணியும் அவருடைய குழுவினரும் கிராமத்து நோயாளிகளுக்கு ஃபீனோபார்பிட்டோனையும் ஃபெனிட்டாயினையும் மட்டுமே கொடுத்து ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து கவனித்தனர். அதன் முடிவுகள் 2001-இல் லான்செட் இதழில் வெளிவந்தன. நல்ல பலன் பெற்றோர் யார் என்று பார்த்தபோது, மருந்தை ஒழுங்காக உட்கொண்டவர்களே முன்வரிசையில் இருந்தனர்.

ஒழுங்கு ஏன் இத்தனை முக்கியம்? பொருளியல் மாணவர்களுக்கு நான் சொல்லும் கையிருப்பு, வரத்து என்னும் கணக்குதான் இங்கும். உடல் மருந்தை இடைவிடாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. அடுத்த வேளை மாத்திரை அந்தக் குறைவை ஈடு செய்கிறது. இரத்தத்தில் உள்ள கையிருப்பு ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் மூளை பாதுகாப்பை இழக்கிறது. எல்லா மருந்துகளும் ஒரே வேகத்தில் வெளியேறுவதில்லை. ஃபீனோபார்பிட்டோனில் பாதி வெளியேறச் சில நாள்கள் ஆகும்; லெவிடிராசெட்டாமில் பாதி வெளியேற ஏழு மணி நேரம் அளவே போதும். முன்னதை இரவு ஒரு வேளை மட்டும் கொடுப்பதும், பின்னதைக் காலை, இரவு என இரு வேளை வலியுறுத்துவதும் இதனால்தான். 'ஒரு வேளைதானே' என்ற சமாதானம் எல்லா மாத்திரைக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை.

ஒரு வேளை மறந்துபோனால், நினைவு வந்தவுடன் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் விட்டதை விட்டுவிட வேண்டும். இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது. பல நாள்கள் விடுபட்டுவிட்டால் தாமாகவே பழைய அளவில் மீண்டும் தொடங்குதல் ஆகாது. குறிப்பாக லாமோட்ரிஜினுக்கு இது கட்டாய விதி. அதனை முதலிலிருந்து சிறுகச் சிறுக உயர்த்தாவிட்டால் உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை நேரக்கூடும்.

நம் பக்கத்தில் வேளை தவறும் காலங்கள் எவை என்பது ஓரளவு முன்கூட்டியே தெரிந்தவை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து செல்லும் காவடிப் பயணம், சிவராத்திரி, வைகுண்ட ஏகாதசிக் கண்விழிப்பு, நாள் கணக்கில் நீளும் திருமணங்கள் ஆகியவற்றில் மாத்திரை மறப்பதோடு உறக்கமும் குறைகிறது. உறக்கக் குறைவு தானே வலிப்பைத் தூண்டக்கூடியது. இரண்டும் சேர்ந்தால் இரட்டைச் சுமை. நேர்த்திக்கடனைக் கைவிடச் சொல்ல நான் யார்? ஆனால், இடுப்புப் பையில் விபூதியோடு மாத்திரை அட்டையும் இருக்கலாம்; இரவில் படுத்து உறங்கிவிட்டு நடக்கலாம். ரமலான் நோன்பு நோற்போர், சஹருக்கும் இஃப்தாருக்கும் பொருந்துமாறு வேளைகளை மாற்றிக்கொள்ள இயலுமா என்று நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்பது நன்று. பல மருந்துகளில் அது இயலும்.

மறதியைவிடக் கொடியது மறைத்தல். என் முன்னாள் மாணவி ஒருவருக்குத் திருமணம் நிச்சயமானபோது, வலிப்பு மருந்தைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் மூச்சு விடக் கூடாது என்று பெரியவர்கள் முடிவு செய்தனர். ஆறு ஆண்டுகள் வலிப்பே வராதிருந்த பெண். புகுந்த வீட்டில் எவர் கண்ணிலும் படாமல் மாத்திரை விழுங்க வழியில்லாமல் நிறுத்தினார். நான்காம் நாள் குளியலறையில் வலிப்பு வந்து விழுந்து தோள் எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் உண்மை வெளிப்பட்டபோது கணவர் கேட்ட முதற்கேள்வி, "மாத்திரையை ஏன் நிறுத்தினாய்?" என்பதுதான். இந்து திருமணச் சட்டத்தின் நிபந்தனைகளில் இடம்பெற்றிருந்த காக்காய் வலிப்பு என்ற சொல்லை 1999-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் நீக்கிவிட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து அகன்ற சொல், நம் வீடுகளின் பெண் பார்க்கும் கூடத்திலிருந்து இன்னும் அகலவில்லை.

பெண்கள் தொடர்பாக வேறொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வால்ப்ரோயேட் மிகச் சிறந்த வலிப்பு மருந்துதான். ஆனால், கருவுற்ற காலத்தில் அதனை உட்கொண்டால் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு நேரலாம். பத்தில் மூன்று அல்லது நான்கு குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படலாம். இதனால் கருவுறும் வயதிலுள்ள பெண்களுக்கு இதனைத் தருவதைப் பல நாடுகள் கடுமையாகக் கட்டுப்படுத்தியுள்ளன. இதைப் படித்த அச்சத்தில் கருவுற்ற பெண் ஒருவர் தாமாகவே மாத்திரையை நிறுத்துவது இன்னும் பெரிய ஆபத்து. கட்டுக்கடங்காத வலிப்பு தாயையும் சேயையும் ஒருங்கே பறித்துவிடும். மருந்தை மாற்றுவதானால் திருமணத்துக்கு முன்போ, கருத்தரிக்கத் திட்டமிடும்போதோ மாற்ற வேண்டும். ஃபோலிக் அமிலத்தையும் அப்போதே தொடங்க வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1998 முதல் இயங்கும் கேரளப் பதிவேடு, வலிப்பு நோயுள்ள கருவுற்ற பெண்களைத் தொடர்ந்து கண்காணித்து வருகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நலமான குழந்தைகளைப் பெறுகின்றனர் என்பதும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டிய செய்தி. கார்பமாசெபைன், ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டோன் ஆகியவை கருத்தடை மாத்திரையின் வலிமையைக் குறைத்துவிடும் என்பதையும் மகப்பேறு மருத்துவரிடம் நினைவூட்டுவது நல்லது.

அடுத்தது நிறுவனம் மாற்றும் பழக்கம். 'அந்தக் கம்பெனி இல்லை சார், இதுவும் அதேதான்' என்று கடைக்காரர் நீட்டுவது அன்றாட நிகழ்ச்சி. பல மருந்துகளில் அது குற்றமில்லை. நானே மலிவு விலை மருந்தின் ஆதரவாளன். ஆனால், ஃபெனிட்டாயின் விஷயம் வேறு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் அதனை வெளியேற்ற உடலால் இயலாது. ஆகவே, மாத்திரையின் அளவு சிறிது கூடினாலும் இரத்தத்தில் அதன் அளவு தாவி ஏறும். 1968-இல் ஆஸ்திரேலியாவில் ஃபெனிட்டாயின் குளிகையில் நிரப்புப் பொருளாக இருந்த கால்சியம் சல்ஃபேட்டுக்குப் பதிலாக லாக்டோஸ் சேர்க்கப்பட்டது. மருந்தின் எடை மாறவில்லை; உடலில் சேரும் அளவு மட்டும் கூடியது. நோயாளிகள் பலர் தள்ளாடி, பார்வை இரட்டிக்க மருத்துவமனைக்கு வந்தனர். ஆகவே, ஒத்துவந்த தயாரிப்பையே தொடர்வது அறிவுடைமை; மாற்ற நேர்ந்தால் மருத்துவர் அறிந்து மாற்ற வேண்டும். பெயர்களையும் ஊன்றிப் படிக்க வேண்டும். லெவிடிராசெட்டாமும் லெவோஃப்ளாக்சசினும் ஒரே எழுத்தில் தொடங்குபவை. முன்னது வலிப்பைத் தடுப்பது. பின்னது சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடிய கிருமிக்கொல்லி.

பிற மருந்துகளோடு இவை மோதும் விதம் தனி நூலுக்குரியது. காசநோய்க்குத் தரப்படும் ஐசோநியாசிட், ஃபெனிட்டாயினையும் கார்பமாசெபைனையும் இரத்தத்தில் உயர்த்தும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆகியவை கார்பமாசெபைனை உயர்த்தும். வலிக்குத் தரப்படும் டிராமடால் வலிப்பையே வரவழைக்கலாம். பல்லுக்கோ காய்ச்சலுக்கோ எந்த மருத்துவரிடம் சென்றாலும் 'வலிப்பு மருந்து சாப்பிடுகிறேன்' என்பதே முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். கற்பூரமும் நீலகிரித் தைலமும்கூட சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும் என்பது பலருக்கு வியப்பளிக்கும். சளிக்கு அவற்றைக் கொதிநீரில் இட்டு ஆவி பிடிக்கும் வழக்கத்தை இந்நோயாளிகள் தவிர்க்க வேண்டும். மூலிகைப் பொடி என்ற பெயரில் விற்கப்பட்டவற்றில் ஃபீனோபார்பிட்டோன் கலந்திருந்தது சோதனைகளில் வெளிப்பட்டதுண்டு. அளவு தெரியாமல் அதை உண்டு, திடீரென நிறுத்துவோரின் நிலை என்னவாகும்?

பக்க விளைவுகளில் தொடக்கத்து அயர்வும் தலைசுற்றலும் பெரும்பாலும் தணிந்துவிடும். தணியக் காத்திருக்கக் கூடாதவை வேறு. தோலில் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவத்தல் ஆகியவை காய்ச்சலோடு முதற்சில வாரங்களில் தோன்றினால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். கார்பமாசெபைனுக்கு இத்தகைய எதிர்வினை ஏற்படும் வாய்ப்பு, ஒரு குறிப்பிட்ட மரபணுக் கூறு கொண்ட ஆசியர்களிடம் கூடுதல். வால்ப்ரோயேட் உண்பவருக்கு ஓயாத வாந்தியும் மயக்கமும் வந்தால் கல்லீரலைச் சோதிக்க வேண்டும். லெவிடிராசெட்டாம் சிலரை எரிந்து விழுபவராகவும் சோர்ந்து முடங்குபவராகவும் ஆக்கிவிடும். 'பிள்ளையின் குணமே கெட்டுவிட்டது' என்று பெற்றோர் நொந்துகொள்ளும் இடத்தில் குற்றவாளி மாத்திரையாக இருக்கக்கூடும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை அவர் வாய்விட்டுச் சொன்னால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

குழந்தைகளுக்கான ஃபெனிட்டாயின் திரவ மருந்தை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி ஊற்ற வேண்டும். இல்லையெனில் மேலே நீர்த்தும் அடியில் செறிந்தும் நிற்கும் மருந்து, முதல் வாரம் போதாமலும் கடைசி வாரம் மிகுந்தும் போகும். பாலாடையாலோ வீட்டுக் கரண்டியாலோ அளக்காமல், புட்டியோடு வரும் அளவுக் குப்பியையே பயன்படுத்த வேண்டும். வால்ப்ரோயேட் மாத்திரைகள் ஈரத்தை உறிஞ்சக்கூடியவை. அவற்றை உரிய நேரம்வரை அட்டையிலிருந்து பிரிக்காதிருப்பது நலம். நெடுநேரம் செயற்படுமாறு செய்யப்பட்ட மாத்திரைகளைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பயணம் செய்வோர் நம் பகுதியில் மிகுதி. குளோனசெபாம் போன்றவை அங்கெல்லாம் கட்டுப்பாட்டுக்குரியவை. மருத்துவரின் கடிதமும் மருந்துச் சீட்டும் கைப்பையிலேயே இருக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகளாவது வலிப்பின்றிக் கடந்த பின்னரே நிறுத்துவது பற்றி மருத்துவர்கள் பொதுவாக எண்ணிப் பார்க்கின்றனர். அப்போதும் மாதக் கணக்கில் படிப்படியாகக் குறைத்தே நிறுத்துவர். சிலருக்கு நிறுத்தவே இயலாது. 'குணமாகிவிட்டதே, இன்னும் எதற்கு?' என்று வீட்டார் எழுப்பும் கேள்வி அன்பினால் எழுவது. விளைவு அன்பைப் பார்ப்பதில்லை.

இதன் பொருளாதாரக் கணக்கையும் பார்க்கலாம். இந்தியாவில் இந்நோயின் பொருளாதாரச் சுமை பற்றி 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு ரூ.13,755 என மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி மருந்துச் செலவு அன்று. இழந்த வேலையும் வருவாயும்தான். மாத்திரையில் மிச்சம் பிடிப்பவர் எந்தக் கணக்கில் இழக்கிறார் என்பதை இது காட்டுகிறது. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மொத்தக் கொள்முதல் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தை மலிவாகக் கொண்டுசேர்ப்பதில் நாட்டுக்கே வழிகாட்டியது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை வாசலுக்கே எடுத்துச் செல்கிறது. கல்லலிலோ சாக்கோட்டையிலோ அன்றாடக் கூலியை இழந்து மாதந்தோறும் பேருந்து ஏறும் வலிப்பு நோயாளிக்கும் அந்தப் பையில் இடம் இருந்தாக வேண்டும்.

மருந்தை ஒழுங்காக உண்பவருக்கும் எப்போதாவது வலிப்பு வரலாம். அப்போது கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை. வாயில் எதையும் நுழைக்கவும் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துணியை வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைக் கடந்தாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும். ஊர்தியில் ஏற்றும்போது அவர் உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளையும் உடன் கொடுத்தனுப்ப வேண்டும். கடைசியாக எந்த வேளை விடுபட்டது என்பதை மருத்துவர் முதலில் கேட்பார்.