உயரம் எதைத் தீர்க்கிறது? அனல்மின் நிலையப் புகைபோக்கி விதியும் 10 கி.மீ. வட்டமும்

நிலக்கரி அனல்மின் நிலையங்களைச் சுற்றி அளக்கப்படும் கந்தக டை ஆக்சைடு தேசியத் தரவரம்பை விடக் குறைவாகவே இருக்கிறது. எனவே எல்லா நிலையங்களிலும் கந்தக நீக்கக் கருவி பொருத்துவது வீண் செலவு. அண்மைக் கால ஆய்வுப் போக்கு ஒன்றின் மையக் கருத்து இது. இதன் முன்பாதியை நான் மறுக்கவில்லை. நிலையங்களின் அருகில் நாள் சராசரி ஒரு கனமீட்டருக்கு 80 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டாத இடங்களே மிகுதி. அந்த அளவீட்டிலிருந்து பின்பாதியில் உள்ள முடிவுக்குப் போக முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். எந்த இடத்தில் அளந்தால் கந்தகத்தின் பாதிப்பு தெரியாதோ அந்த இடத்தில் அளந்துவிட்டு, பாதிப்பு இல்லை என்று சொல்வதாகவே இந்த ஆய்வுகளின் முறை அமைந்திருக்கிறது.

2015 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட உமிழ்வு வரம்புகளும் பலமுறை தள்ளிப்போன கெடுக்களும் துறையினர் அறிந்தவை. 2025 ஜூலை 11 அறிவிக்கை நிலையங்களை மூன்றாகப் பிரித்தது. தேசியத் தலைநகர்ப் பகுதியிலிருந்தோ பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களிலிருந்தோ 10 கி.மீ.க்குள் இருப்பவை ஏ பிரிவு. கடுமையாக மாசடைந்த பகுதிகளுக்கும், தரவரம்பை எட்டாத நகரங்களுக்கும் 10 கி.மீ.க்குள் இருப்பவை பி பிரிவு. எஞ்சியவை சி பிரிவு. அலகுகளில் ஏறத்தாழ 78 விழுக்காடு இதில்தான் அடங்கும். சி பிரிவுக்குக் கந்தக டை ஆக்சைடு வரம்பு இனிப் பொருந்தாது. புகைபோக்கியின் உயரம் 1990-இல் வகுத்த அளவுகோலின்படி இருந்தால் போதும். செய்தித்தாள்கள் விலக்கைப் பற்றி நிறைய எழுதின. விலக்குக்கு ஈடாக எது கேட்கப்பட்டது என்பதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியது அந்த உயர நிபந்தனையைத்தான்.

அளவுகோல் சுருக்கமானது. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுக்கு 275 மீட்டர். 200 அல்லது 210 மெகாவாட்டிலிருந்து 500-க்குக் கீழ் 220 மீட்டர். அதற்கும் சிறிய அலகுக்கு ஒரு சூத்திரம்: மணிக்கு எத்தனை கிலோ கந்தக டை ஆக்சைடு வெளியாகிறதோ அந்த எண்ணை 0.3 அடுக்குக்கு உயர்த்தி, 14-ஆல் பெருக்கினால் உயரம் மீட்டரில் கிடைக்கும். மணிக்கு 1,000 கிலோ என்றால் 111 மீட்டர். 10,000 கிலோ என்றால் 222 மீட்டர். உமிழ்வு பத்து மடங்காகும்போது உயரம் இரு மடங்கு ஆனால் போதும் என்கிறது சூத்திரம்.

இதை எப்படிப் படிப்பது என்பதில்தான் கருத்து மாறுபாடு. உமிழ்வு எவ்வளவாக இருந்தாலும் தரைமட்டச் செறிவை இந்த அடுக்கு கட்டுக்குள் வைக்கிறது என்பது வழக்கமான வாசிப்பு. காஸியன் பரவல் சமன்பாட்டின்படி, காற்றின் வேகம் மாறாதபோது தரைமட்ட உச்சச் செறிவு உமிழ்வுக்கு நேர்விகிதத்திலும், புகைத்தாரையின் உயரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். உமிழ்வு இரட்டித்தால் செறிவு அப்படியே இருக்க உயரம் 41 விழுக்காடு கூட வேண்டும். சூத்திரம் கேட்பதோ 23 விழுக்காடு. புகைபோக்கியின் உயரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் உச்சச் செறிவு 32 விழுக்காடு ஏறிவிடும். இந்த இடைவெளியை நிரப்புவது சூடான புகை தானாக மேலெழும் ஏற்றம் என்றே கொள்ள வேண்டும். அதிக நிலக்கரி எரிந்தால் வெப்பமும் அதிகம், ஏற்றமும் அதிகம் என்ற அளவில் இது நியாயமே. ஆனால் கந்தகம் மிகுந்த நிலக்கரிக்கு மாறும் நிலையத்தில் உமிழ்வு கூடும், வெப்பம் கூடாது. அங்கே 0.3 அடுக்குக்கு ஆதாரம் இல்லாமல் போகிறது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சூத்திரம் ஒவ்வொரு புகைபோக்கியையும் தனியாகவே பார்க்கிறது. மணிக்கு 10,000 கிலோவை ஒரே புகைபோக்கி வழியாக விட்டால் 222 மீட்டர் வேண்டும். அதையே ஐந்தாகப் பிரித்து, தலா 2,000 கிலோவாக அடுத்தடுத்து நிற்கும் ஐந்து புகைபோக்கிகள் வழியாக விட்டால் 137 மீட்டர் போதும். கந்தகத்தின் அளவு மாறவில்லை, காற்றும் அதே காற்று, ஆனால் விதி கேட்கும் உயரம் ஏறத்தாழ 85 மீட்டர் குறைந்துவிடுகிறது. இப்படிப்பட்ட சூத்திரத்தை உமிழ்வு வரம்புக்கு மாற்றாக வைப்பது சரியல்ல.

இனி 275 மீட்டர் புகைபோக்கி. நடுநிலை வளிமண்டலத்தில், ஊரகப் பகுதிக்கான பிரிக்ஸ் பரவல் கெழுக்களைக் கொண்டு கணக்கிட்டால், ஏற்றமே இல்லாத புகைத்தாரையின் தரைமட்ட உச்சம் சுமார் 14 கி.மீ. தொலைவில் விழுகிறது. 200 மீட்டர் ஏற்றம் சேர்த்தால் சுமார் 44 கி.மீ. ஆகிறது. அனல்மின் நிலையங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 10 கி.மீ. ஆரத்துக்குள் நடத்தப்படுகிறது. பிரிவுகளைத் தீர்மானிப்பதும் அதே 10 கி.மீ. கடும் வெயில் நேரத்தில் நிலைமை வேறு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெப்பச் சுழற்சி புகையை ஒன்றிரண்டு கிலோமீட்டரிலேயே தரைக்கு இறக்கிவிடும். உச்சச் செறிவைத் தேடுபவருக்கு 10 கி.மீ. வட்டம் அப்போது பொருத்தமே. ஆனால் உச்சம் எங்கே விழுகிறது என்பது ஒரு கேள்வி, வெளியான கந்தகம் எங்கே போய்ச் சேர்கிறது என்பது இன்னொரு கேள்வி.

எண்ணிக்கையில் பார்ப்போம். 500 மெகாவாட் அலகு ஒன்று மணிக்கு 350 டன் நிலக்கரி எரிக்கிறது, அதில் கந்தகம் 0.4 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 2,800 கிலோ கந்தக டை ஆக்சைடு வெளியாகும். நொடிக்கு 5 மீட்டர் காற்றில் புகைத்தாரை 10 கி.மீ. கடக்க 33 நிமிடம் ஆகிறது. வாயுநிலையில் கந்தக டை ஆக்சைடு சல்பேட்டாக மாறும் வேகம் பகலில் மணிக்கு ஓரிரு விழுக்காடு. இரண்டு என்றே கொண்டால், வட்டத்தைக் கடப்பதற்குள் மாறுவது மணிக்கு 30 கிலோ அளவுக்கே. மீதி ஏறத்தாழ 2,770 கிலோ, வழியில் படிவது போக, கந்தக டை ஆக்சைடாகவே வட்டத்தை விட்டு வெளியேறுகிறது. பிறகு மணிக்கணக்கில், நாள்கணக்கில், மேகத்துளியிலும் பனிமூட்டத்திலும் இன்னும் விரைவாக, அது சல்பேட்டாகிறது. ஒரு கிலோ கந்தக டை ஆக்சைடு முழுதும் மாறினால் இரண்டு கிலோவுக்குச் சற்றே மேல் அம்மோனியம் சல்பேட் கிடைக்கும். கங்கைச் சமவெளியில் அதற்கு வேண்டிய அம்மோனியாவுக்குப் பஞ்சமில்லை. வெளியானதில் பாதி மட்டும் மாறினாலும் அந்த ஓர் அலகிலிருந்து மணிக்கு ஏறத்தாழ 2,900 கிலோ நுண்துகள் உருவாகிறது. அது நுரையீரலின் அடிவரை போகும் பி.எம். 2.5. நிலையத்தின் வாசலில் வைத்த கந்தக டை ஆக்சைடு அளவீட்டுக் கருவி இதை ஒருபோதும் காட்டாது.

உயரத்தின் பங்கு வெறும் வழிவிடுதலோடு நிற்பதில்லை. இந்த வாதத்தில் நான் மிகவும் உறுதியாக இருக்கும் புள்ளி இதுதான். தரையை ஒட்டி நகரும் கந்தக டை ஆக்சைடின் ஒரு பகுதியை மண்ணும் இலையும் நீர்ப்பரப்பும் ஈர்த்துக்கொள்கின்றன. உலர் படிவு எனப்படும் இந்த இழப்பும் சல்பேட் உருவாக்கமும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. புகையை 275 மீட்டரில் விட்டால், இரவு முழுவதும் அது தரையைத் தொடாமலே பயணம் செய்யலாம். படிவு தள்ளிப்போகிறது, ஆக்சிஜனேற்றத்துக்கு நேரம் கிடைக்கிறது. புகைத்தாரை நன்றாகக் கலந்து நீர்த்துப்போவதும் இதற்கு உதவியே. அடர்த்தியான தாரைக்குள் நைட்ரஜன் ஆக்சைடுகள் விழுங்கிவிடும் ஓசோன், சுற்றியுள்ள காற்றிலிருந்து புதிதாக வந்து சேர்கிறது. அருகில் இருப்பவரின் சுவாசத்திலிருந்து விலக்கப்பட்டது தொலைவில் இருப்பவரின் சுவாசத்தில் வேறு உருவில் வந்து சேர்வதற்கு உயரம் துணைபோகிறது.

புகைப் பரவலைக் கணிக்கும் மென்பொருளும் இதை மறைக்கவே செய்கிறது. 2005-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஐ.எஸ்.சி.3-க்கு மாற்றாக ஏற்ற ஏர்மாட்டைத்தான் நம் மதிப்பீட்டு அறிக்கைகளும் பரவலாகக் கையாள்கின்றன. அருகாமைப் பரவலுக்கு அது நல்ல கருவி. அதில் நகர்ப்புற மூலங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு நான்கு மணிநேர அரைவாழ்வு இயல்பாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. நான்கு மணிநேரத்தில் பாதி கந்தகம் கணக்கிலிருந்து கழிந்துவிடும். கழிந்தது சல்பேட் என்ற தலைப்பில் வேறெங்கும் வரவு வைக்கப்படுவதில்லை. இதைக் கருவியின் குற்றமாக நான் கருதவில்லை. சல்பேட்டைக் கணிக்க அது எழுதப்படவே இல்லை. அதன் வெளியீட்டை வைத்துச் சல்பேட் பற்றிய முடிவு எடுப்பவர்களே பதில் சொல்ல வேண்டும்.

வட்டத்துக்குள்ளேயே கூட, வரம்புக்குள் இருக்கிறது என்ற கூற்று தோன்றுகிற அளவுக்கு வலுவானதல்ல. உயர்ந்த புகைபோக்கியின் புகை ஒரே இடத்தில் நாள் முழுவதும் விழாது. நண்பகலில் ஓரிரு மணிநேரம் இறங்கும், காற்றுத் திசை மாறினால் விலகிப்போகும். ஓரிடத்தில் மூன்று மணிநேரம் 400 மைக்ரோகிராம், மீதி 21 மணிநேரம் 5 மைக்ரோகிராம் என்றால் நாள் சராசரி 54 தான். வரம்பான 80-க்குள் வசதியாக அடங்கிவிடுகிறது. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அந்த மூன்று மணிநேரம்தான் முக்கியம். 2010-இல் அமெரிக்கா ஒரு மணிநேரத் தரவரம்பை, 75 பிபிபி, அதாவது சுமார் 196 மைக்ரோகிராம் என்று வகுத்ததற்கு இத்தகைய குறுகிய நேர பாதிப்பே காரணம். நம் தரவரம்புப் பட்டியலில் இந்த வாயுவுக்கு மணிநேர வரம்பு கிடையாது. எண்ணூர் போன்ற கடற்கரைகளில் கடற்காற்று நிலத்தில் நுழையும்போது எழும் வெப்ப எல்லைப்படலம் உயரத்தில் மிதந்து வந்த புகையைத் திடீரென்று தரைக்கு இழுத்துவிடும். இந்த நிகழ்வைக் கணிக்க ஏர்மாட்டில் தனி வழிமுறை எதுவும் இல்லை.

எதிர்வாதங்களில் இரண்டு அடிக்கடி வருகின்றன. கந்தக நீக்கத்துக்கான சுண்ணாம்புக்கல் முறையில் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக வெளியாகிறது என்பது ஒன்று. வேதியியல்படி ஒரு கிலோ கந்தக டை ஆக்சைடுக்கு 0.69 கிலோ, மேலே சொன்ன அலகுக்கு மணிக்கு இரண்டு டன்னுக்கும் குறைவு. அதே அலகு நிலக்கரியை எரித்து மணிக்குப் பல நூறு டன் கார்பன் டை ஆக்சைடு வெளியிடுகிறது. கருவி இயங்கச் செலவாகும் மின்சாரத்தைச் சேர்த்தாலும் இது கொள்கையை மாற்றும் அளவல்ல. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது மற்றொன்று. உண்மைதான், ஆனால் சாம்பல் மிகுந்த அந்த நிலக்கரியை ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அதிகமாக எரிக்க வேண்டியிருக்கிறது. காற்றில் சேர்வது மொத்த எடை. விழுக்காட்டை வைத்து அதைச் சிறிதாக்கிக் காட்ட முடியாது.

உயரத்தை உமிழ்வுக் கட்டுப்பாட்டுக்கு மாற்றாக ஏற்கும் பாதையில் பிற நாடுகள் ஏற்கெனவே போய்த் திரும்பியிருக்கின்றன. கனடாவின் சட்பரியில் 1972-இல் எழுந்த 381 மீட்டர் புகைபோக்கி அந்த ஊரின் காற்றைத் தூய்மையாக்கியது. கந்தகமோ தொலைதூர ஏரிகளுக்குப் போனது. அமெரிக்காவின் 1977 தூய காற்றுச் சட்டத் திருத்தத்தின் 123-ஆம் பிரிவு, நல்ல பொறியியல் நடைமுறை கேட்கும் உயரத்துக்கு மேல் கட்டப்படும் புகைபோக்கிக்கு உமிழ்வு வரம்பில் சலுகை கிடையாது என்று தெளிவாகச் சொன்னது. ஏர்மாட்டை உருவாக்கிய அதே முகமை, 2017-இல் திருத்திய மாதிரி வழிகாட்டியில், இரண்டாம் நிலையில் உருவாகும் பி.எம். 2.5-ஐயும் இரு அடுக்கு முறையில் மதிப்பிட வேண்டும் என்று சேர்த்தது. முதல் அடுக்கில் ஏற்கெனவே தெரிந்த உமிழ்வு-செறிவு உறவுகள், தேவைப்பட்டால் இரண்டாம் அடுக்கில் வேதிப் போக்குவரத்து மாதிரி. காஸியன் மாதிரி தனித்துப் போதாது என்பதை அதை எழுதியவர்களே விதியாக்கிவிட்டார்கள்.

10 கி.மீ. என்ற எல்லை பரவல் மென்பொருளிலிருந்துதான் அறிவிக்கைக்கு வந்தது என்று நான் வாதிடவில்லை. மென்பொருள் நன்றாகப் பார்க்கும் பரப்பும் அறிவிக்கை பார்க்கும் பரப்பும் ஒன்றாக இருக்கின்றன என்பதையும், சல்பேட் அந்தப் பரப்புக்கு வெளியே உருவாகிறது என்பதையும் மட்டுமே சுட்டுகிறேன். ஏ பிரிவுக்கு 2027 இறுதி என்று கெடு உண்டு. சி பிரிவுக்கு விலக்கு கொடுத்தாகிவிட்டது. பி பிரிவு நிலையங்களைப் பற்றி நிபுணர் மதிப்பீட்டுக் குழு ஒவ்வொன்றாக முடிவெடுக்க வேண்டும். அக்குழு உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு நிலையத்தின் ஏர்மாட் வெளியீடும் 10 கி.மீ.க்குள் எடுத்த கந்தக டை ஆக்சைடு அளவீடும் மட்டும் உங்கள் மேசைக்கு வந்தால், அதன்மேல் முடிவெடுக்காதீர்கள். குறைந்தது 200 கி.மீ. பரப்புக்கு, குளிர்காலம் உட்பட ஓராண்டு முழுமைக்கும், வேதிப் போக்குவரத்து மாதிரியில் கணக்கிட்ட சல்பேட் மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதைச் செய்வதற்கான மாதிரிகளும் கணினித் திறனும் இந்நாட்டு ஆய்வு நிறுவனங்களில் இப்போதே இருக்கின்றன.