தோளைத் தைத்துவிடலாம், அதற்குப் பிறகு?

இந்தப் பதிவு தோள்பட்டையைப் பற்றியது. அனுமந்தன்பட்டியைச் சுற்றித் திராட்சைப் பந்தலுக்குப் பஞ்சமில்லை. கல்தூண், மேலே கம்பி, அதில் கொடி. கவாத்து வெட்டுவது, கொடி கட்டுவது, குலை அறுப்பது எல்லாமே கையைத் தலைக்கு மேல் தூக்கிச் செய்கிற வேலை. ஐம்பது வயதில் "கை தூக்க முடியலப்பா" என்று ஒருவர் சொன்னால், வாயு என்று சொல்லித் தைலம் தேய்த்துவிடுகிறோம். சிலருக்கு உள்ளே ஒரு தசைநாணே கிழிந்திருக்கும்.

இடுப்பு மூட்டு உரல் மாதிரி ஆழமானது. தோள் மூட்டோ சின்னத் தட்டில் வைத்த எலுமிச்சை மாதிரி. அது உருண்டு போகாமல் நான்கு தசைகளின் நாண்கள் சுற்றிப் பிடித்திருக்கின்றன. சட்டைக் கையின் முனைப்பட்டை போல இருப்பதால் இதற்கு ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். அதிகம் கிழிவது மேலே ஓடும் நாண்தான்.

1834-லேயே லண்டனில் ஸ்மித் என்பவர் பிணங்களில் பார்த்த கிழிசல்களை எழுதி வைத்தார். ஆனால் அதைத் தைத்துப் பார்த்தவர் பாஸ்டன் நகரத்து எர்னஸ்ட் அமோரி காட்மேன். ஆண்டு 1909. இரண்டு நோயாளிகளின் விவரத்தை 1911-ல் வெளியிட்டார்.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். வைத்தியம் செய்து அனுப்பிய ஒவ்வொருவரையும் பிறகு கூப்பிட்டு, உண்மையிலேயே குணமானாரா என்று பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்றார். இன்று சாதாரணமாகத் தெரிகிறது, அன்று யாருக்கும் பிடிக்கவில்லை. 1914-ல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை வேலையை விட்டார். 1915-ல் ஒரு மருத்துவர் கூட்டத்தில் பாஸ்டன் டாக்டர்களைக் கிண்டல் செய்து நெருப்புக்கோழிக் கேலிச்சித்திரத்தைத் திறந்து காட்டி, இருந்த நண்பர்களையும் பகைத்துக்கொண்டார். தன் சொந்தச் சின்ன மருத்துவமனையில் 337 நோயாளிகளுக்கு 123 தவறுகள் நடந்தன என்று அவரே அச்சிட்டு வெளியிட்டார்! இன்று எந்த மருத்துவமனை விளம்பரத்தில் இப்படி ஒரு வரி வரும், சொல்லுங்கள்? 1934-ல் தோளைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். 1940-ல் இறந்தார். கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் 2014-ல்தான் வந்தது.

பிறகு 1972-ல் நியூயார்க்கின் சார்லஸ் நீர், நாணின் மேல் உரசும் எலும்பைச் செதுக்கும் முறையைச் சொன்னார். பல வருடம் அது கொடிகட்டிப் பறந்தது. கிழிசல் இல்லாத உரசல் வலிக்கு அதனால் பெரிய பலன் இல்லை என்று 2018-ல் பிரிட்டன், பின்லாந்து ஆய்வுகள் காட்டின. இதற்கிடையில் சிறு துளை வழியே கேமரா விட்டு, எலும்பில் ஆணி போன்ற ஆங்கர் பதித்து, நாணைத் தைக்கும் முறை பரவிவிட்டது.

நம்மவர்களுக்குத் தோள் அறுவை என்றால் நினைவு வருவது சச்சின்தான். 2006 மார்ச் 19, வான்கடே. இங்கிலாந்துக்கு எதிராக 1 ரன்னில் அவுட். சொந்த ஊர் ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். அதே மாதம் லண்டனில் தோளில் ஆபரேஷன். மேற்கிந்தியத் தீவுகள் பயணம் போனது. மாதக்கணக்கில் பயிற்சி. செப்டம்பர் 14-ல் கோலாலம்பூரில் அதே மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 141. (மேட்ச் தோற்றோம், அது வேறு கதை!)

கவனியுங்கள், ஆபரேஷன் ஒரு நாள் வேலை. மீதி மாதங்களெல்லாம் பிசியோதெரபி. கஃப் தைத்தாலும் அப்படித்தான். பொதுவாக ஆறு வாரம் வரை கையைத் தூளியில் தொங்கவிட வேண்டும். அப்புறம் அடுத்தவர் அசைத்துவிட, பிறகு தானே அசைக்க, மூன்று மாதத்துக்குப் பிறகுதான் மெல்லப் பலப்பயிற்சி. கனமான வேலைக்கு நாலு, ஆறு மாதம் ஆகும். ஆறு மாதம் ஆடாவிட்டாலும் சச்சின் வீட்டில் அடுப்பெரியும். பந்தல் கூலிக்கு?

அதனால்தான் இரண்டு அமெரிக்க ஆய்வுகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. 2004-ல் வெளியான ஒன்றில், பெரிய கிழிசலைத் தைத்த 18 பேரில் 17 பேருக்குத் தையல் மறுபடி விட்டிருந்தது. அப்படியும் முதல் வருடத்தில் பெரும்பாலோருக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது. 2013-ல் வெளியானதில், அடிபடாமல் தேய்ந்து கிழிந்த 452 பேருக்கு முதலில் உடற்பயிற்சி மட்டும். இரண்டு வருடத்தில் ஆபரேஷனுக்குப் போனவர்கள் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு.

க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரிக்குப் பயிற்சிக்காகப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவதும் சேர்க்கப்பட்டது. காட்மேன் பெயரில் இன்றும் சொல்லித்தரும் பயிற்சிக்கு ஒரு மேசை போதும். நல்ல கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் போல மெல்ல ஆட்டுவது. ஆனால் டாக்டரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். கீழே விழுந்து, அன்றிலிருந்து கை மேலே எழவில்லை என்றால் பயிற்சி, தைலம் என்று நாளைக் கடத்தாதீர்கள். அந்தக் கிழிசலைச் சீக்கிரம் தைப்பதுதான் நல்லது.