மரச் சப்பாத்திக்கள்ளியின் தாவரவியல் கூறுகளும் கொங்கு வேளாண் வரலாறும்: பல்லடம் பகுதியை முன்வைத்து

முன்னுரை

பல்லடம் வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த மானாவாரி நிலப்பகுதி. 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவாகும்வரை இது கோயம்புத்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. இத்தகைய வறண்ட நிலங்களைப் பற்றிய ஆங்கிலேயர் கால ஆவணங்களில், சப்பாத்திக்கள்ளி என்னும் ஒற்றைப் பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்தறியத் தாவரவியல் கூறுகள் வரலாற்றுச் சான்றாகப் பயன்படுவதை இக்கட்டுரை விளக்குகிறது.

சங்கக் கள்ளியும் அமெரிக்கக் கள்ளியும்

சங்கப் பாடல்கள் சுட்டும் பாலைநிலக் கள்ளி, பால் வடியும் யூபோர்பியா பேரினத்தைச் சார்ந்தது. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திற்குரியது. ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே இந்தியாவை அடைந்தது. இதில் பால் இல்லை. வழவழப்பான சாறே உண்டு.

இரு இனங்களின் வேறுபாடுகள்

ஒபன்சியா மொனகாந்தா பிரேசில், அர்ஜென்டினா பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது. தெளிவான அடிமரத்துடன் பல மீட்டர் உயரம் வளர்வது. இதன் தட்டைத் தண்டுகள் மெல்லியவை, பளபளப்பானவை. ஒவ்வொரு முட்கண்ணிலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு முட்களே காணப்படும்; ‘ஒற்றைமுள்’ என்னும் பொருளுடைய இனப்பெயர் இதனால் அமைந்தது. கரீபியப் பகுதியைச் சார்ந்த ஒபன்சியா தில்லேனி, அடிமரமின்றிப் படர்ந்து அடர்ந்த புதராகும். இதன் தண்டுகள் தடித்தவை. முட்கள் மஞ்சள் நிறமும் சற்றே வளைவும் கொண்டவை.

பூச்சிகள் வெளிப்படுத்திய வேறுபாடு

செந்நிறச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்க்கும் நோக்கில், சென்னை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780களில் கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795இல் பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட பூச்சி உயர்தரச் சாயப்பூச்சி அன்று. டாக்டைலோபியஸ் செய்லோனிகஸ் என்னும் வேறு இனம். சாய முயற்சி பயனளிக்கவில்லை. எனினும் அப்பூச்சி வட இந்தியாவில் மொனகாந்தாவைப் பெருமளவில் அழித்தது. இதனைக் கண்டு 1836-38இல் தென்னிந்தியாவிற்கும் அது திட்டமிட்டுக் கொண்டுவரப்பட்டது. பூச்சியைக் கொண்டு களையை ஒழிக்கும் முயற்சிகளுள் உலக அளவில் இது முன்னோடியாகும்.

அப்பூச்சியால் தில்லேனியை ஒழிக்க இயலவில்லை. அதற்கு உரிய பூச்சியான டாக்டைலோபியஸ் ஒபன்சியே 1926இல் இலங்கையிலிருந்து வந்தது. சில ஆண்டுகளில் தென்னிந்தியாவில் ஏறத்தாழ 40,000 எக்டேர் நிலம் கள்ளியிலிருந்து மீண்டது. டி.வி. இராமகிருஷ்ண அய்யர் தென்னிந்தியக் கள்ளிப் பூச்சிகளைப் பற்றி 1931இல் எழுதினார்.

முடிவுரை

எனவே, 1830களுக்கு முந்தைய குறிப்பையும் 1900ஐ ஒட்டிய குறிப்பையும் ஒரே தாவரத்தின் தொடர்வரலாறாகக் கொள்ளுதல் பிழையாகும். பிந்தைய முறையீடுகள் பெரிதும் தில்லேனியைச் சுட்டக்கூடும். பெயரை மட்டும் கொண்டு அதனை முடிவு செய்ய இயலாது. பல்லடம் பகுதியின் வேலி, மேய்ச்சல் நிலம், தரிசு ஆகியன குறித்த பதிவுகளில் செடியின் உயரம், அடிமரம், முட்களின் எண்ணிக்கை பற்றிய விவரணைகளையும் சேர்த்து ஆராய்ந்தால்தான் அந்நில வரலாறு தெளிவுறும்.