நாலு டயரும் நூற்றெண்பது வருடக் கதையும்

கடந்த மாரியில் ஒரு நாள் காலை, பாடசாலைக்குப் போகும் வழியில் எமது ஜீப் வளைவொன்றில் வழுக்கி வயலுக்குள் இறங்கியது. உள்ளே ஐந்து ஆசிரியர்கள். அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் காயமில்லை. ஆனால் அது வழுக்கியது சேற்றிலல்ல, மழையில் நனைந்த தார் வீதியில். போட்டிருந்ததோ சேற்றுக்கென்றே தேடி வாங்கிய, கட்டை கட்டையாக வெட்டுள்ள டயர்கள்!

பங்கு போட்டு வாங்கிய பழைய வாகனம். டயர் மாற்றக் காசு சேர்த்தாயிற்று, எதை வாங்குவதென்றுதான் இரண்டு கிழமையாக வாதம். பொத்துவில் பக்கம் ஓடுபவர்களுக்குத் தெரியும்: ஒரே நாளில் தாரும் கிறவலும் வயற் சேறும் கடற்கரை மணலும் வந்துவிடும். வரலாறு படிப்பிக்கிற பழக்கத்தில் டயரின் கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தோம்.

வெயிலில் இளகி, குளிரில் வெடித்துக்கொண்டிருந்த இறப்பரைக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் வழியை சார்ள்ஸ் குட்இயர் 1839இல் கண்டார். 1845இல் ரொபர்ட் தொம்சன் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அப்போது மோட்டார் வாகனமே இல்லை, யாரும் கணக்கெடுக்கவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்டில் டன்லொப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதையே மறுபடி செய்தார். இதற்கிடையில் 1876இல் பிரேசிலிலிருந்து விக்ஹாம் கொண்டுபோன விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி வந்திறங்கியது நம் நாட்டுக்கு, கம்பஹா ஹெனரத்கொடைக்கு.

நாலு சக்கரமும் இழுக்கும் வாகனத்தின் டயர் தனி வழியில் போனது யுத்த காலத்தில்தான். அமெரிக்க இராணுவ ஜீப்புக்கு, முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே மாதிரி இழுக்கக்கூடிய கட்டை வெட்டு டயர் போட்டார்கள். சேற்றில் புதைந்தால் பின்னோக்கியும் வெளியே வர வேண்டுமல்லவா? வயலிலும் காட்டிலும் அது சரி. நனைந்த தாரில் சரியில்லை. கட்டைகளுக்கு இடையே வெற்றிடம் அதிகம், நிலத்தைத் தொடும் இறப்பர் குறைவு. பிரேக் பிடிக்கும்போது நாலு சக்கர இழுவையும் உதவாது.

மணலுக்கான பாடம் அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. 1930 அளவில் லிபியப் பாலைவனத்தில் ஃபோர்ட் கார்களை ஓட்டிய பாக்னோல்ட், மணலைக் கடக்க டயரின் காற்றைக் குறைத்தார். காற்றுக் குறைந்தால் டயர் பரந்து உட்காரும், புதையாது. ஆக, மணலுக்கென்று வேறு டயர் தேவையில்லை, காற்றுமானியும் பம்பும் போதும். (தாருக்கு ஏறியதும் திரும்பக் காற்றடிக்க மறப்பவர்கள் எங்களிலும் உண்டு.)

1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானிடம் விழுந்ததும் நேச நாடுகளுக்கு மிஞ்சிய இயற்கை இறப்பரில் பெரும்பங்கு இலங்கையினுடையது. மரம் கெட்டாலும் பரவாயில்லை என்று பால் வெட்டினார்கள். அமெரிக்காவில் யுத்தகாலப் பங்கீட்டுக்கு முதலில் வந்த பொருளே டயர்தான். பத்து வருடம் கழித்து, 1952இல், அதே இறப்பரைச் சீனாவுக்குக் கொடுத்து அரிசி வாங்கினோம். அந்த ஒப்பந்தத்தைப் பத்தாம், பதினோராம் வகுப்புகளில் படிப்பிக்கும்போது பிள்ளைகளுக்கு டயரைக் காட்டியே தொடங்கலாம்.

எமக்கு வேண்டிய விடை அதற்குப் பிறகு வருகிறது. மிஷலின் 1946இல் காப்புரிமை பெற்ற ரேடியல் அமைப்பில் டயரின் பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும், நிலத்தைத் தொடும் பகுதி தட்டையாகவே நிற்கும். தாரில் பிடிப்பும் ஆயுளும் கூடின. 1970இல் வந்த ரேஞ்ச் ரோவர் ரேடியலோடுதான் வந்தது. 1976இல் பிஎஃப் குட்ரிச் எல்லாத் தரைக்குமான ரேடியலை விற்கத் தொடங்கியது, 1980இல் சேற்றுக்கென்று தனி ரேடியல். கடைக்காரர்கள் ‘ஏ.டி.’, ‘எம்.டி.’ என்று சொல்வது இந்த இரு வகையையும்தான்.

எமது ஓட்டத்தில் முக்கால் பங்கு தார், மிச்சத்தில் பெரும்பகுதி கிறவல். முழங்கால் சேறு வருடத்தில் சில நாட்கள். அந்தச் சில நாட்களுக்காக மற்ற நாட்களெல்லாம் உயிரைப் பணயம் வைத்திருக்கிறோம். எனவே ‘ஏ.டி.’ என்று முடிவு. சேறு மிஞ்சினால் அன்றைக்கு இறங்கி நடப்போம்.

இரண்டு மட்டும் மாற்றலாம் என்ற யோசனையும் வந்தது. முன்னும் பின்னும் டயரின் சுற்றளவு வேறுபட்டால் நாலு சக்கரத்தில் ஓடும்போது கியர்ப் பெட்டிக்குக் கேடு. நாலும் ஒரே அளவு, ஒரே வகை. பக்கச்சுவரில் நாலு இலக்கத் திகதியும் பார்க்க வேண்டும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. மலிவென்று சொல்லிப் போன தடவை எமக்குக் கட்டியவை கடையில் ஆறு வருடம் கிடந்தவை, அதை வயலுக்குள் நின்றுதான் வாசித்தோம்.

சனிக்கிழமை அம்பாறைக்குப் போகிறோம். இதே வாகனம் வைத்திருப்பவர்கள் எந்த டயர் எத்தனை கிலோமீற்றர் ஓடியதென்று கீழே எழுதுங்கள்.